ஆடிப் பதினேழு ராத்திரி

உறவுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் தங்கி, இரவெல்லாம் வெட்டி ஒட்டி, விடிந்ததும் ஆற்றுக்கு இழுத்துப் போகும் சப்பரம். ‘ஸ்லீப்ஓவர்’ என்ற சொல் டெல்டாவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த ஒரு ராத்திரியின் கதை.

இரவு ஒன்பதரை மணி. திருவையாற்றில் காவிரிக்கரையை ஒட்டிய தெரு. ஓட்டு வீட்டின் கூடம். பழைய தினசரியை விரித்து அதைச் சுற்றி ஏழு பிள்ளைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். மூன்று பேர்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள். மற்ற நால்வர் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள். நடுவில் ஆசாரி செய்து கொடுத்த அடிப்பலகை ஒன்று, மரச்சக்கரம் நாலு. அடுப்படியிலிருந்து மைதாப் பசை காயும் வாசனை.

“கோபுரத்த அப்புறம் கட்டலாம்டா. சக்கரம் ஓடுதான்னு முதல்ல பாரு” என்கிறார் திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா. யாரும் கேட்பதாக இல்லை. கோபுரத்துக்குச் சிவப்புத் தாளா, மஞ்சள் தாளா என்று சண்டை முற்றிவிட்டது. ஒருத்தி மட்டும் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து பனையோலைக் கீற்றைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அது காதோலை. கருகமணியோடு சேர்த்து நாளைக் காலை காவிரிக்குக் கொடுக்க வேண்டும்.

விடிந்தால் ஆடிப் பதினெட்டு.

இந்தக் கூடத்தைக் கும்பகோணத்தில் வைத்துக்கொள்ளலாம், மயிலாடுதுறையில் வைத்துக்கொள்ளலாம். ஆடி 17 இரவு டெல்டாவின் ஆற்றங்கரை ஊர்களில் நடப்பது ஏறத்தாழ இதுதான். பெரியவர்களுக்கு அது மறுநாள் சித்ரான்னத்துக்குப் புளி கரைக்கும் இரவு. பிள்ளைகளுக்குச் சப்பரம் கட்டும் இரவு.

அதே தஞ்சாவூரில், புது அடுக்ககங்களில், இப்போது வேறு மாதிரி இரவுகளும் நடக்கின்றன. பிறந்தநாளுக்கோ மே மாத விடுமுறைக்கோ வகுப்புத் தோழர்கள் எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டில் தங்குகிறார்கள். பீட்சா வருகிறது, படம் ஓடுகிறது. செல்போனைப் பிடுங்கி வைத்த பிறகு என்ன செய்ய வைப்பது என்று அந்த வீட்டு அம்மா தலையைப் பிய்த்துக்கொள்கிறார். கடையில் ‘கிராஃப்ட் கிட்’ கிடைக்கிறது. வாங்கிப் பிரித்தால் நாற்பது நிமிஷத்தில் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு?

கோழிக்கு எறிந்த காதணி

சப்பரம் என்கிற சிறுதேர் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்குச் சங்கப் பாட்டே சாட்சி. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. காயவைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியை விரட்ட ஒரு பெண் காதணியைக் கழற்றி எறிகிறாள். அது குழந்தைகள் உருட்டி விளையாடும் மூன்று சக்கரச் சிறுதேருக்குக் குறுக்கே விழுந்து வழியை மறிக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், போகிற போக்கில் ஒரு பொம்மை வண்டியின் சக்கரக் கணக்கையும் சொல்லிவிட்டார். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பால் பருவங்களில் கடைசி, சிறுதேர்ப் பருவம்.

இடைப்பட்ட காலத்தில் மூன்று சக்கரம் நாலாகியிருக்கிறது. தங்கக் காதணி இருந்த இடத்தில் ஓலைக் காதோலை இருக்கிறது. மற்றபடி காட்சி பெரிதாக மாறவில்லை. ஆடிப்பெருக்கு நெருங்கும்போது கும்பகோணம், தஞ்சாவூர் கடைவீதிகளில் சின்னச் சின்ன மரச் சப்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று அளவு. சாமி படம் ஒட்டி, கலர் தாள் சுற்றி, பூச்சரம் கட்டி, கயிற்றில் இழுத்துக்கொண்டு பிள்ளைகள் படித்துறைக்குப் போவார்கள். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறை, மயிலாடுதுறையில் துலாக்கட்டம், கும்பகோணத்தில் பகவத் படித்துறை.

ஆற்றில் தண்ணீர் இருந்தால்தான் இந்தக் கூத்தெல்லாம். மேட்டூர் அணை குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. எல்லா ஆண்டும் அப்படி நடப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது, ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. 2017-ல் பாசனத்துக்குத் திறந்ததே அக்டோபர் 2-ம் தேதிதான். அந்த ஆடியில் பல படித்துறைகளுக்குக் கீழே மணல்தான் கிடந்தது. 2020-லும் 2021-லும் கொரோனா காரணமாகக் கரையில் கூடவே தடை. ஆறு பொய்த்தாலும் நோய் வந்தாலும் சப்பரம் கட்டும் கைக்கு ஒரு வருஷப் பழக்கம் விட்டுப்போகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு ஆடி தவறுவது சின்ன விஷயமல்ல.

---
பெட்டிச் செய்தி: சப்பரத்துக்கு என்னென்ன வேண்டும்?

அடிப்பலகையும் சக்கரமும் ஆசாரியிடம் அல்லது கடையில். இல்லாவிட்டால் தடித்த அட்டைப்பெட்டியும், பழைய ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய நாலு சக்கரமும் போதும். அச்சுக்கு நேரான மூங்கில் குச்சி.

கால்களுக்கு நாலு மூங்கில் தப்பை, ஒரே உயரத்தில். மேல் தட்டுக்கு அட்டை. வண்ணத் தாள், கத்தரிக்கோல், நூல்கண்டு.

பசை: இரண்டு கரண்டி மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர். பசையில் சிட்டிகை மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் பூச்சிக்காக வந்தது. அது விஷம், பிள்ளைகள் தொடும் பசைக்கு வேண்டவே வேண்டாம்.

இழுகயிறு பிள்ளையின் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. குட்டையாக இருந்தால் சப்பரம் முன்பக்கம் தூக்கிக்கொண்டு கவிழும்.
---

நாளைக்கு இது எங்கே போகும்?

கடையில் வாங்கும் கிட்டில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது, குறைதான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. எட்டுப் பேருக்கு எட்டு உறை, எல்லோருக்கும் ஒரே மணி, ஒரே நூல். அதனால் சண்டை கிடையாது. ஆனால் சண்டை இல்லாததே ஒரு குறையோ என்றும் தோன்றுகிறது. திருவையாற்றுக் கூடத்தில் ஒரே சப்பரத்தை ஏழு பேர் கட்டுகிறார்கள். சிவப்பா மஞ்சளா என்று முடிவெடுக்க அவர்களுக்கு அரை மணி ஆனது. கடைசியில் கீழ்த் தட்டு சிவப்பு, மேல் தட்டு மஞ்சள். அந்த அரை மணியில் நடந்த பேரத்தை எந்த உறையிலும் போட்டு விற்க முடியாது.

இன்னொரு வித்தியாசம் மறுநாள் காலையில் தெரிகிறது. விருந்துக்கு வந்த பிள்ளை செய்த பளபளப்பு ஜாடி, பையில் கிடந்து வீடு போய், ஒரு வாரம் மேசையில் நின்று, பிறகு குப்பைக்குப் போகிறது. சப்பரத்துக்கு விடிந்ததும் வேலை இருக்கிறது. சக்கரம் ஓடாவிட்டால் தெருவே பார்க்கும். காதோலைக்கும் வேலை இருக்கிறது. அதை எதிர்பார்த்து ஆறு ஓடுகிறது, அம்மாச்சி தட்டில் காப்பரிசியோடு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். செய்த பொருள் நாளைக்கே பயன்படப்போகிறது என்று தெரிந்த பிள்ளை, பசை காயும்வரை பொறுக்கும். தெரியாத பிள்ளை பொறுக்காது.

இதை நகரத்து விருந்துக்கும் கொண்டுபோகலாம். தலையணை உறையில் துணிச்சாயம் தீட்டும் விளையாட்டை ஸ்லீப்ஓவர்களில் பார்க்கலாம். அன்றிரவே அதில் தலை வைத்துப் படுப்பதால்தான் அது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. நவராத்திரிக்கு முந்தைய வாரம் வரும் விருந்து என்றால் கொலுப் பூங்காவுக்குக் கேழ்வரகு முளைக்கப் போடலாம். பொங்கலுக்கு முந்தைய இரவென்றால் மாட்டுக்கு மாலை.

கைவேலை பிள்ளையின் படிப்பு என்பதை உலகம் ஒப்புக்கொண்டு இரு நூற்றாண்டு ஆகப்போகிறது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய கிண்டர்கார்டனில் தாளை மடிப்பதும் முடைவதும் பாடமாக இருந்தன. இந்தியாவில் ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்தே வடிவியல் சொல்லித்தந்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தென்னங்கீற்றில் பாம்பும் கடிகாரமும், பூவரச இலையில் பீப்பீயும், பனங்காயில் வண்டியும் செய்யாமல் இங்கே யார் வளர்ந்தார்கள்?

சரி, ஒரு தலைமுறைக்கு முன்புவரை யார் வளர்ந்தார்கள் என்று மாற்றிக் கேட்பது நியாயம்.

ஓலை, நெட்டி, வண்டல்

கைவேலை நின்றுபோவதற்கு ஆர்வம் குறைந்தது மட்டும் காரணமல்ல. பொருளும் குறைந்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் ஏறி ஓலை வெட்டித்தர ஆள் கிடைப்பது அரிது. காதோலைக்கு ஒரு குருத்தோலை வேண்டுமென்றால் இன்று கடைவீதியில் கட்டாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நெட்டியின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. குளம் குட்டைகளில், தண்ணீர் நிற்கும் இடங்களில் தானே வளரும் செடி. தண்டைச் சீவினால் உள்ளே தந்தம் போல் வெள்ளைத் தக்கை. தஞ்சைக் கைவினைஞர்கள் அதைக் கூர்மையான கத்தியால் இழை இழையாகச் செதுக்கிப் பெரிய கோவிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். வண்ணம் பூசுவதில்லை, மெருகு கிடையாது. 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு நெட்டி அறிமுகமாவது கோபுரமாக அல்ல, மாட்டுப் பொங்கல் மாலையாக. சாயம் தோய்த்த நெட்டித் துண்டுகளை நாரில் கோத்து மாட்டின் கழுத்தில் போடுவார்கள். எடையே இருக்காது.

பள்ளியில் ‘புராஜெக்ட்’ என்றால் இப்போது தெர்மாகோல். நெட்டி செய்யும் எல்லாவற்றையும் தெர்மாகோல் செய்யும்: வெள்ளையாக இருக்கும், லேசாக இருக்கும், கத்தி சுலபமாக இறங்கும். மண்ணில் மக்குவதைத் தவிர. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டு, குவளைகளுக்குத் தடை இருக்கிறது. பெரிய கோவில் மாதிரி செய்ய வாங்கும் தெர்மாகோல் அட்டைக்கு அந்தக் கவலை இல்லை. நெட்டிக்குப் பெயர்போன ஊரின் பிள்ளை தெர்மாகோலில் பெரிய கோவில் செய்து பரிசு வாங்குவதில் ஏதோ நெருடுகிறது.

களிமண்ணுக்குப் பஞ்சம் இல்லை. வாய்க்கால் தூர்வாரும் மாதங்களில் கரையெல்லாம் வண்டல். தஞ்சாவூருக்கே அடையாளமான தலையாட்டி பொம்மையின் அடியில் இருப்பதும் அந்தக் களிமண்ணின் கனம்தான். 2008-09-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பொம்மையில் இரண்டு வகை. தலை, உடல், பாவாடை தனித்தனியாகக் கம்பிமேல் நின்று ஆடும் நடனப் பெண் ஒன்று. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி இன்னொன்று. பின்னதன் சூத்திரம் எளிது: உருண்டையான அடிப்பாகத்தில் எடை, மேலே காகிதக்கூழின் லேசு. சரபோஜி காலத்தில் தஞ்சைக்கு வந்தது என்று சொல்வார்கள். யார் காலத்தில் வந்திருந்தாலும், ஓர் இரவில் பத்துப் பிள்ளைகள் செய்து பார்க்க இதைவிடப் பொருத்தமான பொம்மை கிடையாது.

---
பெட்டிச் செய்தி: கொட்டாங்கச்சி ராஜா

தேங்காயை உடைத்தால் இரண்டு பாதி. கண் உள்ள பாதி வேண்டாம். வழவழப்பாக உருண்டிருக்கும் மற்ற பாதியை எடுத்து, நாரைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அடியில் ஈரக் களிமண்ணை அழுத்தி வைக்க வேண்டும், பாதிக்கு மேல் வேண்டாம். அதன்மேல் கெட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினால் உடம்பு. தலைக்குக் கசக்கிய காகித உருண்டை.

தலையையும் களிமண்ணில் செய்யப் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். விட்டுவிடுங்கள். ராஜா விழுந்து எழுந்திருக்க மாட்டார். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும்.

களிமண் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். வண்ணம் மறுநாள் வீட்டுக்குப் போய்த் தீட்டிக்கொள்ளலாம்.
---

விற்பவர் பக்கமும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பணம் கட்ட வீட்டுத் தொழில் செய்பவரால் எப்படி முடியும் என்ற கேள்வி எழுந்ததால், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள். சட்டம் தலையாட்டியைக் காப்பாற்றிவிட்டது. சந்தை காப்பாற்றுமா என்பது வேறு. சுற்றுலாப் பயணி வாங்கி அலமாரியில் வைக்கும் பொருளாகவே அது தங்கிவிட்டால், பிள்ளைக்கும் அதற்கும் உறவு அறுந்ததாகத்தான் அர்த்தம். அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்துக்குக் காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரான ‘பூம்புகார்’ என்று பெயர். பட்டினப்பாலையில் சிறுதேர் உருண்ட அதே ஊர்.

கட்டுகிறவள் அவள், இழுக்கிறவன் இவன்

பழைய வழக்கத்தைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சப்பரம் ஆண் பிள்ளைகளுடையது; ஓலையும் மஞ்சளும் பெண் பிள்ளைகளுடையது. பிள்ளைத்தமிழ் மரபே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. சிற்றில் பருவத்தில் பெண் குழந்தைகள் மணல் வீடு கட்டுவார்கள். பாட்டுடைத் தலைவனான பையன் வந்து காலால் உதைத்து அழிப்பான். அழிக்காதே என்று கெஞ்சுவதுதான் பாட்டு. கவிதையாகப் படிக்க இனிக்கிறது. கூடத்தில் நடந்தால் இனிப்பதில்லை.

திருவையாற்றுக் கூடத்துக்காரி பத்து மணிக்குக் காதோலையை முடித்துவிட்டுச் சக்கரத்தைக் கையில் எடுத்தாள். அச்சு வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். “நாளைக்கு நானும் இழுப்பேன்” என்றாள். அண்ணன்காரன் அம்மாச்சியைப் பார்த்தான். அம்மாச்சி ஒன்றும் சொல்லாமல் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். டெல்டாவில் அது சம்மதம்.

கத்திரி, தீ, தண்ணீர்

ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் இருப்பதுதான் இந்த இரவுகளின் அழகு. ஆபத்தும் அங்கேதான். பெரியவன் விளையாடும் பொருளைச் சின்னவன் வாயில் போட்டுக்கொள்வான்.

தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகள் இப்போது எல்லா ஃபேன்சி ஸ்டோரிலும் தொங்குகின்றன. கடுகு அளவில் விழுங்கப்பட்டு, குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே 2023 கடைசியில் குழந்தைகளுக்கான இந்த மணிகளை விற்பதை நிறுத்திக்கொண்டன. மினுக்கும் விளக்குப் பொம்மைகளிலுள்ள பட்டன் பேட்டரி அதைவிட மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசு வெந்துவிடும்; விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கி பெரியவர் கையில் மட்டும். இந்த மூன்றுக்கும் பதிலாக மைதாப் பசை, கருகமணி, நூல் என்று வைத்துக்கொண்டாலும் கருகமணியைச் சின்னவனிடமிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.

---
பெட்டிச் செய்தி: மாவளி, பெரியவர் துணையோடு மட்டும்

கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய நாள்களில் செய்வது. ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் மூட்டமிட்டுக் கரியாக்கி, பொடித்து, பழைய பருத்தித் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவார்கள். முனையில் கங்கு வைத்துக் கயிற்றில் சுழற்றினால் தலைக்கு மேல் பொறி வளையம்.

கரி இடிப்பதும் துணி சுருட்டுவதும் பிள்ளைகள் வேலை. தீ வைப்பதும் சுற்றுவதும் பெரியவர் வேலை. திறந்த வயல், பக்கத்தில் வைக்கோல் போர் இல்லாத இடம், ஒரு வாளித் தண்ணீர். 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்துக்குப் பிறகு கும்பகோணம் வட்டாரத்தில் குழந்தைகளையும் நெருப்பையும் சேர்த்துப் பேசுவதே எளிதில்லை. அந்தத் தயக்கம் நல்லதுதான்.
---

எல்லாவற்றையும்விடப் பெரியது ஆறு. ஆடிப் பதினெட்டு அன்று காவிரி பார்க்க அமைதியாக இருக்கும். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. கரையில் போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் சப்பரம் போகக் கூடாது. காதோலையை விடப் போகும் பிள்ளையின் மறு கையை ஒரு பெரியவர் பிடித்திருக்க வேண்டும். தண்ணீரில் விட வேண்டியது ஓலையும் பூவும்தான். ஜிகினாத் தாள் சப்பரத்தோடு வீட்டுக்குத் திரும்பட்டும்.

திங்கட்கிழமை

இரவு பதினொன்றரைக்கு, தாத்தா சொன்னபடியே, சக்கரம் ஓடவில்லை. அச்சைக் கழற்றி, மூங்கிலைச் சீவி, விளக்கெண்ணெய் தடவி மாட்டினார்கள். கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தபடியே இருந்தது. கூடம் முழுக்கப் பாய். யார் யாருக்குப் பக்கத்தில் படுப்பது என்று அடுத்த பஞ்சாயத்து. பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்த பிறகும் சிரிப்புச் சத்தம் அடங்கவில்லை.

2024-ல் ஆடிப்பெருக்கு சனிக்கிழமை. 2025-ல் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஆண்டும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கத் தடை இல்லை. 2026-ல் அது ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை, பள்ளிக்கூட நாள். ஆடிப் பதினேழு ஞாயிறு இரவில் வருகிறது, பெட்டி கட்டித் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏற வேண்டிய இரவில். சப்பரத்தைச் சனிக்கிழமையே கட்டி ஞாயிறு காலையே இழுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள் சில வீடுகளில். அம்மாச்சிகளுக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினெட்டாம் பெருக்கைப் பதினேழில் எப்படிக் கொண்டாடுவது? ஒரு நாள் லீவு போட்டால் குடியா முழுகிப்போகும் என்று கேட்கிறார்கள்.